காலில் கறுப்புத் திட்டு, வலிக்காத கொப்புளம்: எது அவசரம்?

வாசகர் கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு வயது 57, பெரம்பூரில் இருக்கிறேன். 18 வருடமாகச் சுகர். மாத்திரையோடு 3 வருடமாக இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி 9.4. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "சுகர் முத்திப்போச்சு, இப்படித்தான் ஆரம்பிக்கும், கடைசியில காலை எடுக்கச் சொல்லுவாங்க" என்கிறார்கள். ராத்திரியில் தூக்கமே இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறேன், தினமும் வெந்நீரில் காலை ஊற வைக்கிறேன். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் 8 மாதமாக அரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீமைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது. போன வாரம் வலது கால் பெருவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்தது, வலிக்கவே இல்லை என்பதால் விட்டுவிட்டேன். அன்றைக்கு பஸ் ஏறும்போது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை, பின்னால் வந்த பெண் எடுத்துக் கொடுத்தாள். வயசாகிறது போல. என் மகனுக்கு 27 வயது, கழுத்தெல்லாம் கறுப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அவனுக்கும் ஒரு கிரீம் சொல்லுங்கள். என் காலில் உள்ள திட்டு போக என்ன மருந்து?

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி திட்டுகளைப் பற்றித்தான் இருக்கிறது. கொப்புளத்துக்கு ஒரு வரி, செருப்பு கழன்றதற்கு ஒரு வரி. நான் அந்த இரண்டு வரியில்தான் ஆரம்பிக்கப் போகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற திட்டால் காலுக்கு ஆபத்து வராது, வலிக்கவில்லை என்று நீங்கள் விட்டுவிட்ட அந்தக் கொப்புளத்தால் வரலாம். அதனால் நாளைக்கே யாராவது ஒரு டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். அடுத்த வாரம், அமாவாசை முடியட்டும், மகனுக்கு லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

செருப்பு கழன்றது தெரியாமல் போனதற்கு வயது காரணம் இல்லை. 80 வயதிலும் செருப்பு நழுவினால் உடனே தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பாதத்து நரம்புகள் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் நரம்பும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்களும் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதுதான், அதனால் முதலில் அடிபடுவதும் அதுதான். விரல் நுனியில் தொடங்கி மெதுவாக மேலே ஏறும், பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி. சிலருக்கு எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருப்பது எல்லாம் இருக்கும், அவர்கள் தொந்தரவு தாங்காமல் தாங்களே டாக்டரிடம் வந்துவிடுவார்கள். எனக்குக் கவலை இன்னொரு வகையினரைப் பற்றித்தான். எதுவுமே தெரியாது, வலி கிடையாது, "கால் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்பார்கள். நீங்கள் அந்த வகை என்று தோன்றுகிறது.

என்னிடம் வந்த ஒரு ஆட்டோ ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேமலுக்குத்தான் வந்தார். சர்க்கரை இருக்கிறது என்றதும் செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடது செருப்பைக் கழற்றும்போது அது காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, கொஞ்சம் இழுத்த பிறகுதான் கழன்றது. அடியில் ஒரு சின்ன ஆணி, ரப்பரைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை, காலையிலிருந்து வண்டி ஓட்டியிருக்கிறார், நடுவில் டீ குடிக்க இறங்கி நடந்திருக்கிறார். ஆணியை எடுத்தபோதும் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கே பார்த்ததால் சுத்தம் செய்து, ஊசி போட்டு, மருந்து கொடுத்து, பத்து நாளில் ஆறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து, சீழ் எலும்பு வரை போன பிறகு வந்திருந்தால் கதையே வேறு. சர்க்கரைக்காரர்கள் கால் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்: வலிக்காத ஒரு சின்ன காயம், கவனிக்காத சில நாட்கள், அதற்குள் நுழைந்த கிருமி.

சரி, உங்கள் கொப்புளத்துக்கு வருவோம். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் என் முதல் சந்தேகம் அந்த வெந்நீர் மேல்தான். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. நமக்குக் கை வைக்க முடியாத சூடு அந்தக் காலுக்கு இதமாக இருக்கும், தோல் வெந்து கொப்புளம் கிளம்பும், வலியும் இருக்காது. வெந்நீரில் ஊற வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உப்புப் போட்டு, மஞ்சள் போட்டு, எதைப் போட்டும் வேண்டாம். ஹாட் பேக், ஹீட்டிங் பேட், தவிட்டு ஒத்தடம், இதெல்லாமும் காலுக்குக் கூடாது. குளிக்கிற தண்ணீரையும் முதலில் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்ற வேண்டும், மகனையோ வேறு யாரையோ பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்த சந்தேகம் செருப்பு. வார் உரசுகிற இடமும் பெருவிரல் ஓரமும் ஒன்றாக இருந்தால் அதுதான் காரணம். மூன்றாவதாக, நெடுநாள் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு எந்த உரசலும் சூடும் இல்லாமலேயே, ராத்திரி படுத்து எழுந்தால் காலில் பெரிய கொப்புளம், உள்ளே தெளிந்த நீர், சுற்றிச் சிவப்பே இல்லை என்று வருவதுண்டு. அபூர்வம்தான், தானாகவே சில வாரத்தில் வற்றி ஆறிவிடும், மேல் தோல் கிழிந்து கிருமி போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான்காவது ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், லினாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் என்று 'கிளிப்டின்' என முடிகிற மாத்திரைகள் இப்போது நம் ஊரில் ரொம்பப் பேர் சாப்பிடுகிறார்கள், நல்ல மாத்திரைகள்தான், ஆனால் வெகு சிலருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, ஆரம்பித்துப் பல மாதம் கழித்துக்கூட உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்போடு கெட்டியான கொப்புளங்கள் வரலாம். உங்களுக்கு ஒன்றே ஒன்று, அரிப்பும் இல்லை, அதனால் இது இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கை, வயிறு, தொடை என்று வேறு எங்காவது கொப்புளம் கிளம்பினால் மாத்திரை அட்டையோடு தோல் டாக்டரைப் பாருங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கொப்புளத்தை ஊசியால் குத்தி உடைக்காதீர்கள், அந்தத் தோல்தான் இப்போதைக்கு உங்களுக்குக் கட்டு. உடைந்துவிட்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, காஸ் துணி வைத்து லேசாகக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வேப்பிலை மஞ்சள் விழுதை அதன் மேல் வைக்காதீர்கள். வேப்பிலை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் அம்மியிலும் மிக்ஸியிலும் அரைத்தது கிருமி இல்லாத பொருள் ஆகாது, போதாததற்கு மஞ்சள் நிறம் காயத்தைச் சுற்றி வருகிற சிவப்பை மறைத்துவிடும், நாங்கள் பார்க்க வேண்டியதே அந்தச் சிவப்பைத்தான். சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், கால் வீங்கினால், நாற்றம் வந்தால், தோல் கறுத்தால், காய்ச்சல் வந்தால், அல்லது மருந்தெல்லாம் சரியாகப் போட்டும் சுகர் திடீரென்று எகிறினால், நேரம் காலம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, வலியில்லாமல் இருந்தால் அதுவும் அவசரம்தான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அந்தக் காலை ஊன்றி நடக்கவே கூடாது.

டாக்டர் உங்கள் பாதத்தில் நைலான் இழை ஒன்றை அழுத்தித் "தெரியுதா" என்று கேட்பார், 10 கிராம் அழுத்தம் கொடுத்தால் வளைகிற இழை அது. அதிர்வு தெரிகிறதா என்று ஒரு கருவி வைத்துப் பார்ப்பார்கள், பாதத்து நாடி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன். எதிலும் வலி கிடையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். 18 வருடச் சர்க்கரைக்கு இது வருடத்துக்கு ஒரு முறையாவது நடந்திருக்க வேண்டும். யாரும் இதுவரை செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை என்றால் நீங்களே கழற்றிக் காலை நீட்டுங்கள். சுகர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், கேட்பது உங்கள் உரிமை.

இனிமேல் வீட்டுக்குள்ளும் வெறும் காலோடு நடக்க வேண்டாம். நம் வீடுகளில் இது கஷ்டம் என்று தெரியும், பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் செருப்பா என்று மாமியார் காலத்திலிருந்து பழக்கம். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது வாசல் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வெளியே போக எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்னால் வார் உள்ளதாக. கழன்று விழவும் விழாது. செருப்பு வாங்கச் சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நின்று கால் கொஞ்சம் வீங்கிய பிறகு எடுத்த அளவுதான் சரியான அளவு. போட்டுக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்த்து, அடியையும் திருப்பிப் பாருங்கள். கோயிலுக்குப் போவதென்றால் விடியற்காலையில் போங்கள், பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாட வீதித் தாரில் வெறும் காலோடு மதியம் வரை நின்றுவிட்டு, மறுநாள் உள்ளங்கால் தோல் மொத்தமும் உரிந்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். சாமி உங்களை அந்த வெயிலில் நிற்கச் சொல்லவில்லை.

ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும், அடியையும், விரல் இடுக்கையும். குனிய முடியாவிட்டால் மகனிடம் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. மெட்டி இறுக்கமாக இருந்தால் கழற்றிவிடுங்கள் அல்லது தளர்த்திக்கொள்ளுங்கள், அது விரலை அறுப்பதும் உங்களுக்குத் தெரியாது. கால் ஆணியை பிளேடால் செதுக்காதீர்கள், அதற்கென்று விற்கிற பிளாஸ்திரியும் வேண்டாம், அதில் இருக்கிற அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

பித்தவெடிப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் இருக்கும். நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வையும் நின்றுபோகும், தோல் காய்ந்து குதிகால் பிளக்கும், அந்தப் பிளவுதான் கிருமிக்கு வாசல். குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ யூரியா 10 சதவீதம் உள்ள கிரீமோ தடவுங்கள். விலை கூடினதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம், தினமும் தடவுவதுதான் முக்கியம். விரல் இடுக்கில் மட்டும் எதையும் தடவக் கூடாது, அந்த இடம் காய்ந்தே இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றால், அதில் இறங்காதீர்கள், சாக்கடையும் கலந்த தண்ணீர் அது. வேறு வழியே இல்லை என்றால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு இடுக்கையும் துணி விட்டுத் துடையுங்கள். சேற்றுப்புண் சாதாரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அந்த வெள்ளையாக ஊறிப்போன இடுக்கு வழியாகத்தான் கிருமி ஏறி முழங்கால் வரை கால் சிவந்து வீங்கும்.

இப்போது திட்டுகள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே பொருந்துகிறது: முன்பக்கம் எலும்பு தட்டுப்படுகிற இடம், இரண்டு காலிலும், பழுப்பு நிறம், வலியும் அரிப்பும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தால் சில திட்டுகள் லேசாகப் பள்ளமாக, தோல் அங்கே மட்டும் மெலிந்து இருப்பது தெரியும். 1964-லேயே மெலின் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் இதை விவரமாக எழுதிவிட்டார், நீரிழிவில் நாங்கள் தோலில் அடிக்கடி பார்க்கிற மாற்றங்களில் இதுவும் ஒன்று, அதிலும் 50 வயதைத் தாண்டி, பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு. இது புண் ஆகாது. அழுகாது. இதற்காக யாரும் காலை எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு திட்டும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் தானாக மங்கும், பக்கத்தில் புதிதாக இன்னொன்று வரலாம். மருந்து தேவையில்லை, கிரீம் போட்டாலும் போகாது, லேசர் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களிடம் இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆனால் இந்தத் திட்டு காலில் தெரிகிறவர்களில் பலருக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கும். கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கிற பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்கிற பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, மூன்றும் இந்த வருடம் செய்தாயிற்றா? இல்லையென்றால் திட்டுக்குச் செய்யக்கூடிய வைத்தியம் அதுதான். திட்டுகளில் ஏதாவது மஞ்சளாக, பளபளவென்று, உள்ளே சின்னச் சின்ன ரத்தக் குழாய் தெரிகிற மாதிரி, ஓரம் சிவந்து பெரிதாகிக்கொண்டே போனால் அது வேறு வியாதி, அரிதானது, புண்ணாகக்கூடியது, அதைக் காட்ட வேண்டும். கணுக்காலைச் சுற்றி மட்டும் கறுத்து, சாயங்காலமானால் வீங்குகிறதென்றால் அது சிரை ரத்தம் தேங்குவதால், அதுவும் வேறு.

அரிப்புக்கு வருகிறேன், இதுதான் நான் தினமும் பார்ப்பது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். நீங்கள் சொல்வது பெரும்பாலும் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூபை எடுத்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள், குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கும். அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாடிக்கும் கலந்திருப்பார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் நாலு நாளில் அமுக்கிவிடும், பூஞ்சைக்கோ அது சோறு போட்ட மாதிரி. அடங்கியது என்று நிறுத்துவீர்கள், இரண்டு மடங்காக வரும், திரும்பப் போடுவீர்கள், எட்டு மாதம் இப்படித்தான் போயிருக்கிறது. இதற்குள் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தால் அது மறையாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியைக் கடுமையாக்கியது, ஆனாலும் கடையில் "அரிப்புக்கு ஒன்று கொடுங்க" என்றால் இன்றும் முதலில் கைக்கு வருவது இதுதான்.

நாடு முழுக்க இப்போது பரவியிருக்கிற படர்தாமரை பழைய படர்தாமரை இல்லை. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள், வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல சமயம் அடங்குவதில்லை. அதனால் நீங்களாகக் கடையில் பூஞ்சை மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம், அதிலும் நீங்கள் சர்க்கரைக்காரர். ஃப்ளூகொனசோல் சாப்பிட்டால் கிளிமெபிரைடு மாதிரி சுகர் மாத்திரையின் வேகம் கூடி, சர்க்கரை தடாலென்று இறங்கலாம். ஐட்ராகொனசோல் சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு சேரக் கூடாது, இதயம் பலவீனமானவர்களுக்கும் ஆகாது. நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். மருந்து தடவும்போது வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் தூரம் தடவ வேண்டும், தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது. வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறதோ அவர்களும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும்.

இடுப்பில் வந்திருப்பதற்கு உள்பாவாடை நாடா ஒரு முக்கியக் காரணம். சென்னைப் புழுக்கத்தில் காலையில் கட்டின நாடா ராத்திரி வரை ஒரே இடத்தில் இறுக்கி, வியர்வை அங்கேயே ஊறும். அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், கட்டுகிற இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், பருத்தியே போடுங்கள், வியர்த்து நனைந்ததும் மாற்றிவிடுங்கள். உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நல்ல வெயிலில் காயப் போடுங்கள், பால்கனி நிழலில் காய்ந்தது போதாது. துண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கிற தண்ணீரில் டெட்டால் ஊற்றுவது, அரிக்கிற இடத்தில் எலுமிச்சை தேய்ப்பது இதெல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்கிற மாத்திரை உங்கள் சீட்டில் இருக்கிறதா? சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மாத்திரை அது, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிறது, ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சை வருவதை அதிகமாக்கும். அரிப்பு அந்த இடத்தில் என்றால், வெள்ளைபடுதலும் இருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருந்திருக்கலாம், நேரில் சொல்லிவிடுங்கள், பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். பெரும்பாலும் சின்ன மருந்திலேயே சரியாகும். அந்தப் பக்கம் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் மட்டும் அது அரிய, ஆனால் உயிருக்கே ஆபத்தான தொற்றாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

மூன்று மாதச் சராசரி 9.4 இருக்கிற வரை பூஞ்சையும் திரும்பத் திரும்ப வரும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். இன்சுலின் போட்டும் ஏன் இறங்கவில்லை என்பதற்குத் தோல் டாக்டராக நான் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கச் சொல்வேன், உங்கள் வயிறு. தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிற இடத்தைக் கையால் அழுத்தித் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மெத்து மெத்தென்று கொழுப்பு கட்டியிருக்கிறதா? ஒரே இடத்தில் போட்டால் வலிக்காது என்று பலர் வருடக்கணக்காக அங்கேயே போடுவார்கள், அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் சரியாக உடம்பில் சேராது, ஒரு நாள் சுகர் ஏறும், ஒரு நாள் இறங்கும், டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் விலகி, வயிற்றின் இரண்டு பக்கமும், தொடையும் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊசியையும் மாற்றுங்கள். கட்டி இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டே இடத்தை மாற்றுங்கள், நல்ல இடத்தில் போட ஆரம்பித்தால் அதே அளவு இன்சுலினில் சர்க்கரை அதிகமாகவே இறங்கிவிடலாம்.

மகனுக்குக் கிரீம் கிடையாது. கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, தேங்காய் நார், எலுமிச்சை, பீர்க்கங்காய்க் கூடு என்று தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் மாதிரி தடித்து, சின்னச் சின்ன மருவும் இருந்தால், உடம்பில் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யவில்லை, அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம், அந்த அதிகப்படி இன்சுலின்தான் தோலைத் தடிக்க வைக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, வயது 27, கழுத்துக் கறுப்பு, மூன்றும் சேர்ந்தால் சோதனை செய்தே ஆக வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு. இன்னும் சர்க்கரை வராத கட்டமாகவே இருக்கலாம், எடை கொஞ்சம் குறைந்தாலே கழுத்தும் வெளுக்க ஆரம்பிக்கும், அதுதான் அவருக்கு கிரீம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட ஆய்வில் நாட்டில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரைக்காரர்கள், அதைவிட அதிகம் பேர் வரப்போகிற நிலையில் இருக்கிறார்கள் என்று வந்தது. உங்கள் மகன் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று இப்போதே தெரிந்துகொண்டால் 18 வருடம் கழித்து இப்படி ஒரு கடிதத்தை அவர் எழுத வேண்டியிருக்காது.

பெரம்பூரிலிருந்து உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். அங்கே நீரிழிவுப் பிரிவும் தோல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இரண்டும் உண்டு. வழக்கமாகப் பார்க்கிற தனியார் டாக்டர் இருந்தால் அவரிடமே போகலாம், காலைப் பார்க்கச் சொன்னால் போதும். நாளைக்கு முதலில் கொப்புளம், பிறகு மற்றதெல்லாம். மகனைக் காலையில் சாப்பிடாமல் உங்களோடு வரச் சொல்லுங்கள், அவருக்கும் அப்படியே ரத்தம் எடுத்துவிடலாம். நீங்கள் மட்டும் பட்டினியாகப் போய் இன்சுலினும் போட்டுக்கொண்டுவிடாதீர்கள், வழக்கம்போலச் சாப்பிட்டு மருந்து எடுத்துக்கொண்டே போங்கள், கொப்புளம் பார்க்க வெறும் வயிறு தேவையில்லை. எல்லா மாத்திரை அட்டையும், இன்சுலின் பெட்டியும், அந்தக் கிரீம் ட்யூபும், தினமும் போடுகிற செருப்பும் உங்களோடு வர வேண்டும். காலில் பூசியிருக்கிற மஞ்சளைக் கொப்புளத்தில் படாமல் சாதாரணத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கிளம்புங்கள், தோலின் நிறம் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.